கேண்டன் வாசலில் ஒரு மூங்கில் சீட்டு

கண்புரை ஆப்பரேஷனுக்குப் போகாமல் அம்மா இரண்டு வருடம் இழுத்தடித்தார். சின்ன ஆப்பரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. தினமும் காலையில் வானொலியில் ஊருக்கெல்லாம் நல்லது சொல்கிறவன் நான். வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் அவர் மனத்தை மாற்றியவர் அடுத்த வீட்டுச் சீன ஆன்டி. தனக்கு ஆப்பரேஷன் ஆன சில வாரங்களில், வேலியோரம் நின்று, அம்மாவின் கண்ணெதிரே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். "தாக் சாகிட் லா" என்றார். வலிக்கவே இல்லையாம். அன்று இரவே அம்மா, "எப்பப்பா போகணும்?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வாரம்தான், பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே பற்றி ஒரு நிகழ்ச்சிக்குத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் சீனாவில் ஆங்கில மருத்துவத்தை யார் கொண்டுபோனார்கள் என்று தேடியதில், பீட்டர் பார்க்கர் என்று ஒரு பெயர் கிடைத்தது. சிரிக்காதீர்கள். சிலந்தி மனிதன் இல்லை. இவர் அமெரிக்க மிஷனரி. யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் இறையியலும் படித்துவிட்டு 1834இல் கேண்டன், அதாவது இன்றைய குவாங்சோவில் வந்து இறங்கியவர். வந்த கொஞ்ச காலத்திலேயே சில மாதங்கள் சிங்கப்பூரில் தங்கிச் சீன மொழி படித்திருக்கிறார். அங்குள்ள சீனர்களுக்கு மருந்தும் கொடுத்திருக்கிறார். ஆக, அவர் கைபழகிய இடங்களில் ஒன்று நம் பக்கத்து ஊர்.

1835 நவம்பரில் கேண்டனில் கண் மருத்துவமனையைத் திறந்தார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் கண் நோயோடு ஒரு பெண்மணி மட்டும் வந்தார். அதை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டவர்களை ஆற்றங்கரையில் ஒரு சிறு பகுதிக்குள் அடைத்து வைத்திருந்த ஊர் அது. அங்கே மொழி அரைகுறையாகத் தெரிந்த ஓர் அந்நியன் கையில் கத்தியோடு நிற்கிறான். மயக்க மருந்து இன்னும் வரவில்லை. அவன் முன்னால் போய்க் கண்ணைத் திறந்து வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த முதல் பெண்மணியை நான் பார்க்கரைவிடப் பெரிய ஆளாகவே நினைக்கிறேன்.

பிறகு கூட்டம் வந்தது. மூன்றே மாதத்தில் 900 பேருக்கு மேல். வாசலில் எண் எழுதிய மூங்கில் சீட்டுகளைக் கொடுத்து வரிசையாக அழைத்தார்கள். இன்று கிளினிக்கில் நாம் எடுக்கும் நம்பருக்கு அதை மூத்த அண்ணன் என்று சொல்லலாம். இத்தனை பேரை இழுத்தது பிரசங்கம் இல்லை. கண்புரை அகன்ற ஒருவர் தன் தெருவுக்குத் திரும்பிப் போய், எதிரே வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதாதா? எங்கள் ஆன்டியின் ஊசியும் நூலும் செய்ததைத்தான் அதுவும் செய்தது.

கண்ணுக்கென்று திறந்த மருத்துவமனைக்குப் பெரிய பெரிய கட்டிகளோடும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களை ஓவியமாக வரைந்தவர் லாம் குவா. கேண்டனில் கடை வைத்து, வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் தைல ஓவியம் வரைந்து கொடுத்தவர். பார்க்கர் ஏழைகளிடம் காசு வாங்குவதில்லை, தன் மருமகன் க்வான் ஆட்டோவுக்கும் வைத்தியம் கற்றுக்கொடுக்கிறார் என்பதால், இந்தப் படங்களுக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் 80க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகத்திலும் கழுத்திலும் தொங்கும் கட்டிகளைவிட, அந்த முகங்களின் அமைதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்தக் கதைக்கு ஓர் இருட்டுப் பக்கமும் உண்டு. பார்க்கருக்குத் துணையாக 1838இல் அமைந்த மருத்துவ மிஷனரி சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர் வில்லியம் ஜார்டின். முன்பு கப்பல் மருத்துவர். பிறகு அபின் வியாபாரத்தில் கோடிகளைக் குவித்தவர். ஒரு கை அபினை இறக்க, இன்னொரு கை மருந்து கொடுத்தது. 1839இல் அந்த அபினைப் பிடித்து அழித்த அதிகாரி லின் செஷூவும் பார்க்கரின் நோயாளிப் பதிவேட்டில் இருக்கிறார். எண் 6565. குடலிறக்கத்துக்கு ஆளனுப்பி வைத்தியம் கேட்டார்; நேரில் மட்டும் வரவில்லை. பார்க்கர் இடுப்புப் பட்டை கொடுத்தனுப்பினார். அடுத்து போர் வந்தது. 1844இல் அமெரிக்கா சீனாவோடு ஒப்பந்தம் போட்டபோது மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களில் இதே டாக்டரும் ஒருவர். மதம் பரப்புவதைவிட்டு மற்ற வேலையே பார்க்கிறார் என்று அவரை அனுப்பிய சபை அவரைக் கைவிட்டது. நல்லவரா கெட்டவரா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் எனக்குப் பதில் வராது.

ஆனால் அவர்கள் விட்டுப்போன வேலையைச் சீனர்கள் எப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. க்வான் ஆட்டோ தானே கத்தி பிடித்து ஆப்பரேஷன் செய்தார். 1851இல் பெஞ்சமின் ஹாப்சன் உடற்கூறு நூலைச் சீன மொழியிலேயே கொண்டுவந்தார். (பார்க்கரை அனுப்பிய அதே அமெரிக்கச் சபை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நம்மில் பலருக்கு இது தெரியாது.) பார்க்கருக்குப் பின் வந்த ஜான் கெர் 1866இல் கேண்டனில் மருத்துவப் பள்ளி தொடங்கினார், 1879இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1886இல் அங்கே படிக்க வந்த ஓர் இளைஞர் பிறகு ஹாங்காங் போய் டாக்டரானார், அதற்கும் பிறகு மன்னராட்சியையே கவிழ்த்தார். அவர்தான் சுன் யாட் சென்.

அப்புறம் நம் வூ லியென் தே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது, துணி முகக்கவசம் அணியுங்கள் என்றார். அனுபவசாலியான பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் இறந்தார். முக்டெனில் ஆர்தர் ஜாக்சன் என்ற 26 வயது மிஷனரி மருத்துவரும் அந்த நோய்க்கே பலியானார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நோயை அடக்கிய குழுவின் தலைவர் ஒரு சீன டாக்டர். முதல் நாள் யாருமே வராத அந்த வாசலுக்கும் இதற்கும் இடையே 75 ஆண்டுகள்.

ஆப்பரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, லாம் குவாவின் படங்களைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். முகத்தில் கட்டியோடு இருந்த 13 வயதுச் சிறுமியிடம் அவர் விரல் நின்றது. ஆ கே என்று பார்க்கர் குறித்து வைத்திருக்கும் பிள்ளை.

"இந்தப் பொண்ணுக்குச் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா. கட்டியை எடுத்துட்டாரு. நல்லாயிட்டா."

அம்மா படத்தைப் பெரிதாக்கி, சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, அந்த முகத்தையும் வரைஞ்சிருக்கலாமே."