பிள்ளைக்குச் சர்க்கரை நோய்: யார் மீதும் பழி இல்லை

“நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, பிள்ளைக்கு எப்படி வந்தது?” என்று கேட்டு, கடைசியில் தாயைக் குறை சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இது தவறு.

சிறு வயதில் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவு, இனிப்பு தின்பதால் வருவதன்று. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஹெச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்களில் சில வகைகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. அவை தாய், தந்தை இரு வழியிலும் வரும். ஆனால் மரபணு மட்டுமே காரணமன்று. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்து, மற்றவருக்கு வராமலே போவதுண்டு. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 6. தாய்க்கு இருந்தால் அதைவிடக் குறைவு. இந்நோய் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு, நெருங்கிய உறவில் யாருக்கும் இது இருப்பதில்லை.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, களைப்பு கண்டால் அன்றே ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பக்கத்து வீட்டார் என்ன சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். அதுதான் பிள்ளையின் உயிர். பெண் பிள்ளை என்று நோயை மறைக்கவும் வேண்டாம். பள்ளி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.