உடைந்த ஜன்னலும் ஒரு நகரமும்!

1969-ம் வருடம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி. நம்பர் பிளேட் இல்லாத கார் ஒன்று, பானெட் திறந்தபடி தெருவோரம் நிற்கிறது. அதை நிறுத்தியவர் உளவியல் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ. கேட்பாரற்ற காரை மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம்.

பத்தே நிமிடத்தில் ரேடியேட்டரும் பேட்டரியும் காலி! கழற்றிக்கொண்டு போனது ரௌடிக் கும்பல் இல்லை. அப்பா, அம்மா, சின்னப் பையன் என ஒரு குடும்பம்.

அதேபோல இன்னொரு காரை, கலிஃபோர்னியாவில் வசதியானவர்கள் வாழும் பாலோ ஆல்டோவில் நிறுத்தினார். ஒரு வாரத்துக்கும் மேல் யாரும் தொடவில்லை. கடைசியில் ஜிம்பார்டோவே சுத்தியலால் அடித்து ஆரம்பித்துவைத்தார். அவ்வளவுதான். வழியில் போனவர்களும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் கார் கவிழ்ந்து கிடந்தது.

கேட்க ஆள் இல்லை!

இந்தக் கதையை 1982-ல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். உடைந்த ஒரு ஜன்னலை அப்படியே விட்டால், ‘இங்கே கேட்க ஆள் இல்லை’ என்று அர்த்தம். அடுத்தடுத்த ஜன்னல்களும் உடையும். பிறகு பெரிய குற்றங்களும் வரும்.

குற்றவியலில் இந்தப் பார்வைக்கு ‘வலதுசாரி யதார்த்தவாதம்’ என்று பெயர். ‘வறுமை ஒழிந்தால் குற்றம் ஒழியும் என்று காத்திருக்க முடியாது. திருடுபவன் லாபம் எவ்வளவு, மாட்டும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கை மாற்றுங்கள்’ என்பது இவர்களின் வாதம். பூட்டு, வெளிச்சம், ரோந்து, உறுதியான தண்டனை... இவைதான் வழிகள்.

கணக்கை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். மேற்கு ஜெர்மனியில், ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் என்ற விதி 1980-ல் வந்தது. அந்த வருடம் சுமார் 1,50,000 பைக்குகள் திருடுபோயின. 1986-ல் அது சுமார் 54,000! ஹெல்மெட் இல்லாமல் திருடினால் உடனே மாட்டிக்கொள்வோமே!

நியூயார்க் செய்தது

1984-ல் நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. சுத்தம் செய்த பெட்டியில் யாராவது கிறுக்கினால், அதை அழிக்காமல் வண்டி ஓடாது. 1989-க்குள் கிறுக்கல் பெட்டிகளே இல்லை.

அடுத்து வந்தது போலீஸின் முறை. டிக்கெட் எடுக்காதவர், பொது இடத்தில் குடிப்பவர் என்று சின்னத் தவறுகளுக்கும் கைது. 1990-ல் 2,200-க்கும் அதிகமாக இருந்த கொலைகள், 1998-ல் 650-க்கும் கீழே வந்தன. உலகமே கைதட்டியது. ஆனால், இந்த வழியில் போகாத பல அமெரிக்க நகரங்களிலும் அப்போது குற்றம் குறைந்தது.

கொடுத்த விலை

2011-ல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,80,000-க்கும் அதிகமான முறை மக்களைத் தெருவில் மறித்து விசாரித்தது. பெரும்பாலானோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பத்தில் ஒன்பது பேர் மீது எந்த நடவடிக்கைக்கும் காரணம் கிடைக்கவில்லை. இந்த முறை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2013-ல் நீதிமன்றம் சொன்னது. 2014-ல் சில்லறையாக சிகரெட் விற்றார் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட எரிக் கார்னர், ‘மூச்சுவிட முடியவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடியே உயிரைவிட்டார்.

மறிப்பது வெகுவாகக் குறைந்த பிறகு கொலைகள் கூடவில்லை. 2017-ல் 300-க்கும் கீழே போனது.

அப்படியானால் உடைந்த ஜன்னல் கதை பொய்யா? ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிய காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல்லும் சில மரங்களும் வைத்து, சின்னதாக வேலி போட்டார்கள். சுற்றியிருந்த ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவிகிதம் குறைந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்காக யாரையும் மறிக்கவில்லை, கைது செய்யவும் இல்லை.

வில்சனும் கெல்லிங்கும் சொன்னது ஜன்னலைப் பற்றி. நியூயார்க் போலீஸ் பிடித்தது, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை!