வட்டி குறைந்தால் வாடகை குறையும்: நியூயார்க் வீட்டுவசதிக் கமிஷன் காட்டிய வழி
வீடு என்பது நெசவாளனுக்கு உறங்குமிடம் மட்டுமன்று. அதுவே அவனது தொழிற்கூடமுமாகும். மழைநீர் தறிக்குழியில் புகுமாயின் அன்றைய வேலையும் அன்றைய கூலியும் ஒருங்கே நின்றுவிடும். ஆகையால் வீட்டுவசதி பற்றிய ஆராய்ச்சி எந்நாட்டில் நடைபெற்றிருப்பினும் அது நமக்குப் புறம்பானதன்று. அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில் 1923 முதல் 1926 வரை பணியாற்றிய ஒரு கமிஷனின் வரலாற்றை இங்கு அங்கத்தினர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அதன் முயற்சியால் பிறந்த சட்டத்தை முதலிற் பயன்படுத்திக் கொண்டோர் தையல் தொழிலாளர். அவர்கள் கைக்கொண்ட கருவியோ கூட்டுறவு. இதுவே நாம் இவ்வரலாற்றைத் தேர்ந்ததற்குக் காரணம்.

நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் காற்றும் ஒளியும் புகாத அடுக்குவீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். பகலில் ஆடை தைத்த அறையிலேயே இரவில் உறங்கினர். அந்நிலையை ஆராய 1900-இல் ஒரு கமிஷன் அமைக்கப்பெற்றது. அதன் பயனாக, புதிதாகக் கட்டும் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் சன்னலும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பிடமும் வேண்டுமென 1901-இன் சட்டம் விதித்தது. எனினும் சட்டம் வீட்டின் தரத்தை உயர்த்துமேயன்றி வீட்டைக் கட்டித் தராது. முதல் உலகப் போர்க்காலத்தில் கட்டட வேலை ஏறக்குறைய நின்றுபோகவே, வீட்டுப் பஞ்சம் தோன்றியது, வாடகை ஏறியது. 1920-இல் வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவரான ஆளுநர் ஆல்பிரட் ஸ்மித் காலத்தில், 1923-இல், வீட்டுவசதி மற்றும் வட்டாரத் திட்டக் கமிஷன் ஏற்படுத்தப்பட்டது. கிளாரன்ஸ் ஸ்டைன் என்னும் கட்டடக் கலைஞர் அதன் தலைவரானார். வாடகைக் கட்டுப்பாடு நீடிக்க வேண்டுமா என்பதே கமிஷன்முன் இருந்த உடனடிக் கேள்வி. ஆனால் அவர்கள் அதனுடன் நில்லாது, தொழிலாளி கொடுக்கக்கூடிய வாடகையில் ஏன் எவரும் வீடு கட்ட முன்வருவதில்லை என்று வினவினர்.

புது வீடுகள் எழுந்தன. ஆயினும் சொற்ப வருமானமுடையோரால் அவற்றில் குடியேற இயலவில்லை. வாடகையைப் பகுத்துப் பார்த்தபோது, முதலுக்குச் செலுத்தும் வட்டியே அதன் பெரும்பகுதி எனத் தெரிந்தது. இதனை நமது கணக்கில் விளக்குவோம். ஒரு வீட்டின் அடக்கம் ஒரு லட்சம் ரூபாய் எனக் கொள்க. வட்டி நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய், அதாவது மாதத்திற்கு ஏறத்தாழ 83 ரூபாய், வாடகையிற் குறையும். செங்கல்லைக் குறைப்பதினும் வட்டியைக் குறைப்பதே மேல் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே குறைந்த வட்டியில் கடன் வழங்க ராஜ்ய வீட்டுவசதி வங்கி ஒன்று வேண்டும் என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சட்டசபை அதனை ஏற்கவில்லை. 1926-இல் நிறைவேறிய சட்டம் வங்கியை விடுத்து, லாபத்துக்கு வரம்பு கட்டிய வீட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் இடமளித்தது. அவை பங்குதாரர்க்கு நூற்றுக்கு 6-க்கு மேல் லாபப்பங்கு தரலாகாது. வாடகைக்கும் உச்சவரம்பு உண்டு. அதற்கு ஈடாக வரிச்சலுகை கிடைக்கும்.

இவ்வாய்ப்பை முதலிற் பற்றியது அமால்கமேட்டட் ஆடைத் தொழிலாளர் சங்கம். ஆபிரகாம் கசான் என்பவரின் தலைமையில் பிராங்க்ஸ் பகுதியில் வான் கார்ட்லண்ட் பூங்காவை அடுத்து 303 குடும்பங்களுக்கான குடியிருப்பு 1927-இல் திறக்கப்பெற்றது. அறை ஒன்றுக்கு 500 டாலர் பங்குத்தொகை. மாத வாடகை ஏறக்குறைய 11 டாலர். முழுத்தொகை கைவசம் இல்லாதோர்க்குக் கடன்வசதி செய்யப்பட்டது. பங்கு எத்தனையாயினும் ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கே. வெளியேறுபவர் தாம் செலுத்திய பங்குத்தொகையைப் பெறலாமேயன்றி, வீட்டைச் சந்தை விலைக்கு விற்கலாகாது. நிலத்தில் பெரும்பகுதி தோட்டத்துக்கு விடப்பட்டது. காலப்போக்கில் கூட்டுறவுக் கடை, நூல்நிலையம் முதலியனவும் தோன்றின. 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் அண்டையிலிருந்த வேறு சில கூட்டுறவுக் குடியிருப்புகள் தம் உடைமையை இழந்தபோதும் இஃது இழக்கவில்லை. இன்று ஏறத்தாழ 1,500 குடும்பங்களுடன் அதே விதியின்கீழ் நடந்து வருகிறது.

இதனால் எல்லாக் குறையும் தீர்ந்ததென்று கூறமாட்டோம். வங்கி இல்லாமற் போனமையால் சட்டத்தின் பயன் சிலரையே எட்டியது. நான்கு அறைக்கு மாதம் 44 டாலர் கொடுக்க இயலாத பரம ஏழைக்கு அதில் இடமில்லை. அவர்க்காக நகர வீட்டுவசதி அதிகாரசபை 1934-இல் தோன்ற நேர்ந்தது. நடுத்தர வருமானத்தினர்க்குக் குறைந்த வட்டிக் கடனளிக்கும் சட்டம் 1955-இல்தான் வந்தது.

மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கசான் முன்னின்று கட்டிய ஈஸ்ட் ரிவர், சீவார்டு பார்க் ஆகிய குடியிருப்புகளில், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கத்தினர்களே வாக்களித்து மறுவிற்பனை வரம்பை நீக்கினர். அன்று குடியிருந்தோர்க்குப் பெருலாபம். பின் வந்த தொழிலாளிக்கோ கதவு அடைபட்டது. அவர்கள் செய்தது சட்டவிரோதமன்று. முன்னவர் குறைந்த விலைக்கு விட்டுச் சென்றதாலன்றோ தமக்கு வீடு கிடைத்தது என்பதை மட்டும் மறந்தனர்.

கமிஷனின் படிப்பினை கடன் வழங்கும் நம் சங்கங்களுக்கும் பொருந்தும். வீட்டுத் திட்டம் வகுக்கும்போது கட்டடத்தின் வரைபடத்துக்கு முன் கடனின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை ஆண்டு, கூலி குறையும் மாதத்தில் தவணையைத் தாங்க நிதியுண்டா என்று பொதுக்குழுவில் கேட்க ஒவ்வோர் அங்கத்தினர்க்கும் உரிமையுண்டு. வெளியேறுபவரின் பங்கை எவ்விலைக்குச் சங்கம் ஏற்கும் என்பதையும் முதல் கல் நாட்டும் முன்னரே துணைவிதிகளில் எழுதிவைத்தல் நலம். வீடு நம் காலத்துக்கு மட்டும் கட்டப்படுவதன்று. நமக்குப்பின் தறியேறுபவனுக்கும் அதில் பங்குண்டு.