வலைச் சட்டகத் தெரிவு

பிரேம்வொர்க் எனப்படும் வலைச் சட்டகம், இணையத்தளம் உருவாக்கத் தேவையான பொதுவான நிரல்களை ஆயத்தமாகத் தரும் தொகுப்பு ஆகும். கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வெளிவந்து பரவலாகப் பயன்பட்டது. 2021 இறுதியுடன் அதற்கான ஆதரவு நின்றது. அதன்பின் தெரியவரும் பாதுகாப்புக் குறைகளுக்குக் கூகுள் திருத்தம் வெளியிடுவதில்லை. அதற்கும் முன்னர், 2005-இல் வந்த ஜாங்கோவோ இன்றும் புதிய பதிப்புகளைப் பெறுகிறது. எனவே சட்டகத்தின் வயதைவிட, அது தொடர்ந்து பராமரிக்கப்படுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. அதன் இடைமுகத்துக்கு 2020-இல் வியூ சட்டகம் தெரிவு செய்யப்பட்டது. புதிய பகுதிகள் வியூவில் எழுதப்படுகின்றன. பிஎச்பி அடித்தளம் அப்படியே தொடர்கிறது.

மாணவர்கள் முதலில் ஜாவாஸ்கிரிப்ட் போன்ற அடிப்படை மொழியை நன்கு கற்றால், நாளை சட்டகம் மாறினாலும் கற்றது வீணாகாது.