சேற்றில் இழுக்கும், தார்ச்சாலையில் முரண்டும்

மலாக்காவின் ஜாசினிலும் மெர்லிமாவிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டத்தோடு இன்னும் ஓர் உறவு மிச்சம் இருக்கிறது. லயன் வீடுகள் இடிபட்டிருக்கலாம். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வளர்ந்திருக்கலாம். ஆனால் மாரியம்மனும் முனீஸ்வரரும் உள்ளேதான் இருக்கிறார்கள். திருவிழாவுக்குப் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் பொங்கல் பானையையும் ஏற்றிக்கொண்டு போனால், வழியின் கடைசிப் பகுதி செம்மண் பாதை. குலை ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் உழுதுபோட்ட தடம். மாலை இடிமழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தால் போதும், ‘நான்கு சக்கரமும் இழுக்கும்’ என்று நம்பி வாங்கிய வண்டி, ஒரு சக்கரத்தை மட்டும் வீணாகச் சுழற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

இதில் மலாக்கா மண்ணுக்கும் பங்கு உண்டு. மலேசிய மண் வகைப்பாட்டில் ‘மலாக்கா’ என்ற பெயரிலேயே ஒரு மண்வகை இருக்கிறது. இரும்பு இறுகிக் கல்லாகிப்போன சரளை நிறைந்த செம்மண் அது. தோட்டப் பாதையின் மேட்டில் சரளை வெளியே தெரியும். பள்ளத்தில் களி தேங்கும். வண்டியின் இடச் சக்கரம் களியிலும் வலச் சக்கரம் சரளையிலும் நிற்பது இங்கே அன்றாட நிலை. ஒரே அச்சின் இரு முனைகளுக்கு இரு வேறு பிடிமானம் கிடைக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முதலில் டிஃபரன்ஷியல் எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடுகிறது. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், செங்கோணத் திருப்பம் ஒன்றில் அந்த வித்தியாசம் சுமார் 2.36 மீட்டர். திருப்பம் குறுகலோ விசாலமோ, இந்தக் கணக்கு மாறாது. ஏறத்தாழ டயரின் ஒரு முழுச் சுற்று அது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டேதான் திரும்ப முடியும். பிரான்சில் ஒனசிஃபோர் பெக்கேர் என்ற கடிகாரக் கைவினைஞர், 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு தீர்வு கண்டார். நடுவில் சில சிறு பற்சக்கரங்களை வைத்து, இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிட்டார். இன்று நம் கார்களில் இருப்பதும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

அந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு. இரு சக்கரங்களுக்கும் அது எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். களியில் நிற்கும் சக்கரம் 100 அலகு விசைக்கே வழுக்கிவிடும் என்றால், சரளையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100 அலகுதான் கிடைக்கும். அது 1,000 அலகு தாங்கும் நிலையில் இருந்தாலும் பயனில்லை. இன்ஜினை உறுமவிட்டால் களியில் உள்ள சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னச்சிலும் இதே கதைதான்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் சுழல, வண்டி நகராமல் நிற்கும்.

1998-இல் வந்த பெரோடுவா கெம்பாராவை நம் பக்கத்துக் குடும்பங்கள் நன்றாக அறியும். அதில் இருந்த பூட்டுப் பொத்தான் முன்னச்சையும் பின்னச்சையும் தமக்குள் பூட்டியது, அவ்வளவுதான். பின்னச்சின் இடமும் வலமும் பூட்டப்படவில்லை. பொத்தானை அழுத்தியும் ஏன் நகரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இடத்தையும் வலத்தையும் பூட்டுவதுதான் லாக்கரின் வேலை. அதில் தானியங்கி வகையின் மூத்த வடிவம் டெட்ராய்ட் லாக்கர். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ லாரிகளோடு வளர்ந்தது, இப்போது ஈட்டன் நிறுவனம் தயாரிக்கிறது. இதன் இயல்பு நிலையே பூட்டிய நிலைதான். நடுவில் பற்கள் கொண்ட வளையம் ஒன்று. இரு பக்கமும் ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கும் இரு பல்வளையங்கள். நேர்ச்சாலையில் இரண்டும் நடுவளையத்தைக் கவ்வியிருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரத்தைத் தரையே வேகமாக உருட்டும். அந்த வேகம் நடுவளையத்தை மிஞ்சியதும் அந்தப் பக்கத்துப் பற்கள் சரிவில் ஏறி விலகிக்கொள்ளும். மிதிக்காமல் உருளும் சைக்கிளின் ஃப்ரீவீல் போல அந்தச் சக்கரம் தனியே ஓடும். இன்ஜின் இழுக்கும்போது, எந்தச் சக்கரமும் நடுவளையத்தைவிட வேகமாகச் சுழலலாம். மெதுவாகச் சுழல மட்டும் முடியாது. ஆகவே களியில் உள்ள சக்கரம் சுழலும்போது சரளையில் உள்ளதும் கூடவே சுழன்றே ஆக வேண்டும். வண்டி ஏறிவிடும்.

பழைய சுசுகி ஜிம்னிகளில் பலர் போடுவது இதன் எளிய தம்பியை. டிஃபரன்ஷியல் கூட்டை மாற்றாமல், உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்திவிடலாம். செலவு குறைவு, சத்தம் அதிகம். இன்னொரு வகை ஈட்டனே செய்வது. 1973 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்தது. அது சாதாரண நாளில் பூட்டாமல் இருக்கும். இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் மட்டும் பூட்டும், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. குடும்ப வண்டிக்கு அது மென்மையானது. ஆனால் பூட்டுவதற்கு முன் சக்கரம் சற்றுச் சுழன்றாக வேண்டும். களியில் அந்தச் சுழற்சிக்குள்ளேயே குழி விழுந்துவிடும்.

டெட்ராய்ட் வகையோடு தினமும் வாழ்வது வேறு கதை. லிட்டில் இந்தியாவில் வண்டியை நிறுத்த வளைத்துத் திருப்பும்போது பின்னாலிருந்து ‘கடக் கடக்’ என்று கேட்கும். திருப்பம் முடிந்து நேராகும்போது ‘டங்’ என்று ஓர் அடி. பின் இருக்கையில் இருப்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார். எதுவும் உடையவில்லை, பற்கள் மறுபடி கவ்விக்கொள்ளும் சத்தம்தான். மேனுவல் கியர் வண்டியில் இந்த அடி இன்னும் துலக்கமாகத் தெரியும்.

சத்தத்தைவிட முக்கியம், வண்டி திரும்பும் விதம். திருப்பத்தில் இன்ஜினின் பலம் முழுவதும் உள்சக்கரத்துக்குப் போவதால் வண்டி நேராகவே போகத் துடிக்கும். நடுத்திருப்பத்தில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவும். வண்டியின் பின்பக்கம் சட்டென்று அசையும். ஜிம்னி போன்ற குட்டை வண்டியில் இது அதிகம். ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வளைவில் இது நடந்தால் புதிதாக ஓட்டுபவர் திகைத்துவிடுவார். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்த பிறகு காலை ஒரே அளவில் வைத்து, நேரான பின் அழுத்த வேண்டும். இதை ஒருவர் கற்றால் போதாது. குடும்ப வண்டி என்றால் அப்பா ஓட்டுவார், அம்மா ஓட்டுவார், லைசன்ஸ் எடுத்த மகளும் ஓட்டுவாள். அத்தனை பேரும் பழகாத வண்டியில் இந்த லாக்கரைப் பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மழையில் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது உருண்டுகொண்டே வண்டியைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். பின்பக்கத்தைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. தோட்டப் பாதைகள் தண்ணீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் அழுத்தி ஓட்டினால் வண்டி முன்னால் போவதோடு மெல்லக் கானை நோக்கியும் நழுவும். சேற்றில் காப்பாற்றும் அதே கருவி சரிவில் கவிழ்த்துவிடக்கூடும் என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. முன்னச்சில் இந்த வகையைப் பொருத்துவதைக் குடும்ப வண்டியில் நினைக்கவே வேண்டாம். நான்கு சக்கர இயக்கத்தில் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

ஆசாகான், நியாலாஸ் பக்கம் தினமும் தோட்டத்துக்குள் போய்வருபவர்களுக்குப் பின்னச்சில் ஒரு டெட்ராய்ட் வகை லாக்கர் தகும். பொத்தானோ காற்றுக்குழாயோ மின்கம்பியோ கிடையாது. பழுதாவதற்கு மிகக் குறைவான பாகங்களே உள்ளன. ஆண்டுக்கு ஓரிரு முறை கோயிலுக்கு மட்டும் போகிறவர்கள், தேவைப்படும்போது மட்டும் பூட்டும் வகையைத் தேடுவது நல்லது. ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டிகளின் சில ரகங்களில் பின்னச்சுக்கு மின் பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மற்ற வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் காற்றுப் பூட்டு உண்டு. விலை அதிகம், ஆனால் தார்ச்சாலையில் வண்டி பழைய வண்டியாகவே இருக்கும்.

டெட்ராய்ட் வகையைப் பொருத்திய பிறகு டயர்களையும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். பின்டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் கொண்டிருக்க வேண்டும். ஒன்று சற்றுப் பெரிதாக இருந்தால் நேர்ச்சாலையிலும் அந்தச் சக்கரமே எப்போதும் இழுக்கும். வண்டி ஒரு பக்கம் ஒதுங்கும். பஞ்சராகி, தேய்ந்த ஸ்பேர் டயரை மாட்ட நேர்ந்தால் அதை முன்னால் மாட்டி, முன்டயரைப் பின்னுக்குக் கொண்டுவருவது உத்தமம். ஓடையைக் கடந்த பிறகு கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

ஜாக்கி போடும்போதுதான் பழைய பழக்கம் ஆபத்தாகிறது. சாதாரண அச்சில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கியர் போட்டால், தூக்கிய சக்கரம் காற்றில் சுழலும், வண்டி நிற்கும். லாக்கர் போட்ட வண்டியில் தரையில் இருக்கும் சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து ஓடும். பட்டறையில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சத்தம் கேட்க விரும்பும் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்தே தூக்க வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும், நான்கு சக்கர இயக்கம் போட்டிருக்கக் கூடாது.