கவியும் கணக்கும் காத்த காடு

காடுகளைக் காப்பது அரசினர் கடமை என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அரசினரே ஒரு காட்டை நீரில் மூழ்கடிக்க முற்பட்டால் தடுப்பவர் யாவர்? இவ்வினாவிற்குக் கேரள மக்கள் அளித்த விடையை, அம்மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களும் பிற மாநிலங்களில் உள்ளோரும் அறிந்திருத்தல் நன்று.

பாலக்காட்டு மாவட்டத்தில், நம் நீலகிரியை ஒட்டி, ‘சைலண்ட் வேலி’ என வழங்கும் அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. குந்திப்புழை பாயும் இம்மழைக்காடு, அருகிவரும் சிங்கவால் குரங்கிற்குப் புகலிடம். இவ்வாற்றில் அணை கட்டி, முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973-ஆம் ஆண்டில் திட்டக்குழு இசைவளித்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு நீருள் மறையவிருந்தது.

அணையை வேண்டியவர்களைத் தீயவர் என்று கருதலாகாது. மலபார்ப் பகுதி மின்சார வசதியில் பின்தங்கியிருந்தது. விளக்கில்லாத வீடுகளும் பாசனமில்லாத வயல்களும் அங்கு மிகுதி. அரசியற் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பெரும்பாலும் அணையின் பக்கமே நின்றன. ஆகவே, ‘குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?’ என்ற கேள்வி எளிதில் எழுந்தது.

இக்கேள்விக்குக் கணக்கினால் விடை கூறியது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து. அறிவியலைத் தாய்மொழியில் மக்களுக்கு அளிக்கும் நோக்கத்துடன் 1962-இல் கோழிக்கோட்டில் தோன்றிய அமைப்பு அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி தனி உவகை தருகிறது. கலைச்சொல் தேடத் தொடங்கியவர்கள் காட்டைக் காக்கவும் துணிந்தனர் அல்லவா! தாவரவியல், பொறியியல், பொருளியல், வேளாண்மை ஆகியவற்றில் வல்ல அறிஞர்கள் எம். கே. பிரசாத் முதலானோர் ஒன்றுகூடி, 1979-இல் ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டனர். மின்சாரம் தேவையே, எனினும் அதனைப் பெற வேறு வழிகள் உள, அழிந்த மழைக்காட்டை மீண்டும் படைக்க வழியில்லை என்பதே அவர்தம் வாதம். மின்வாரியத்தில் பணியாற்றியோர் சிலரும் பரிஷத்து உறுப்பினராக இருந்தமையால் உள்ளேயே பூசல் விளைந்தது. அதற்கு அஞ்சி அவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. இதனை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

கணக்கு அறிவைத் தொட்டது; நெஞ்சைத் தொட்டது கவிதை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரி, பிரகிருதி சம்ரட்சண சமிதி என்னும் இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் வாயிலாக எழுத்தாளர்களை ஒன்றுதிரட்டினார். அவர் மரத்தைப் போற்றி எழுதிய பாடல் கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் போல ஒலித்தது. எதிர்த்தோர் இவர்களை ‘மரக்கவிகள்’ என்று எள்ளி நகையாடினர். ஆயினும் மின்வாரியத்திற்கும் தலைமைச் செயலகத்திற்கும் இருப்பிடமான தலைநகரிலேயே இக்குரல் எழுந்ததால், ஆட்சியாளர் கேளாதிருக்க இயலவில்லை.

வழக்கும் தொடுக்கப்பட்டது, 1980 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு மக்கள் மன்றத்தில் நிலைத்து நின்றது. பிரதமர் இந்திரா காந்தி தலையிட, எம். ஜி. கே. மேனன் தலைமையில் குழு அமைந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1985 செப்டம்பர் 7-இல் ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார். அன்று குறிக்கப்பட்ட அதன் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர்.

2000-க்குப் பின், பூங்காவின் எல்லைக்கு வெளியே அதே ஆற்றில், பாத்திரக்கடவு என்னுமிடத்தில் அணை கட்டும் பேச்சு மீண்டும் எழுந்தது. குழுக்களும் மீண்டும் எழுந்தன. அவ்வணையும் கட்டப்படவில்லை.