வண்டி இழுக்கலையா? கார்புரேட்டரைத் திட்டாதீங்க!



ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போனவங்க நம்ம பள்ளியில் நிறையப் பேர் இருப்பீங்க. எல்லாரும் வடத்தைப் பார்ப்போம், தேர் உச்சியைப் பார்ப்போம். அடுத்த தடவை சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவங்களைப் பாருங்க. கட்டையை முந்திப் போட்டால் தேர் வேண்டாத இடத்தில் நின்னுடும். பிந்திப் போட்டால் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிடும். பெட்ரோல் காருக்குள்ளேயும் இப்படி ஒரு நேரக் கணக்கு இருக்கு. அதன் பெயர் இக்னிஷன் டைமிங்.

ராஜபாளையத்தில் என் தாய்மாமா பழைய கார் வேலை பார்க்கிறாங்க. லீவு நாளில் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். (பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு கேட்கிறவங்க, அடுத்த பத்தியில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்துட்டுக் கேளுங்க.)

என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே போய் அமுக்கும். அப்போது பிளக்கில் பொறி விழும். கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விட்டால் போதும்னு தோணும். அது சரியில்லை. ஏன்னா கலவை முழுசா எரிய ஏறக்குறைய 2 மில்லி நொடி ஆகும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. அதாவது நொடிக்கு 18,000 டிகிரி, ஒரு மில்லி நொடிக்கு 18 டிகிரி. கலவை எரிந்து முடிவதற்குள் என்ஜின் 36 டிகிரி திரும்பிடும்! அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்னாடியே பொறி விழணும். மெதுவா ஓடும்போது சில டிகிரி முந்தினால் போதும். வேகம் கூடக்கூட அதிகமா முந்தணும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் மாட்டிய இரண்டு சின்ன எடைகள் இருக்கு. வேகம் கூடினால் அவை விரிந்து பொறியை முன்னால் தள்ளும். மனுஷன் கை படாமலே நடக்கிற வேலை இது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகமும் இதுதான்.

பொறி பிந்தினால் வண்டி இழுக்காது, சூடேறும், பெட்ரோல் குடிக்கும், சைலன்சரில் படபடன்னு வெடிக்கும். பொறி அளவுக்கு மீறி முந்தினால் ஏற்றத்தில் வெண்கலக் கிண்ணத்தில் சில்லறையைக் குலுக்கியது மாதிரி சத்தம் வரும். அதைத்தான் நாக்கிங் என்கிறாங்க. கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணும் பழைய வண்டியில் அது திருப்பி அடித்துக் கையை முறிக்கும்.

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-ல் நின்னுபோச்சு. ஆனாலும் சில பெட்ரோல் அம்பாசடர்கள் கல்யாணத்துக்கும் வாடகைக்கும் இன்னும் ஓடுது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு டிரைவர் அண்ணாச்சி மாமாவிடம் வந்தாங்க. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி ஏறாமல், வந்தவங்க இறங்கி நடந்தாங்களாம். வேற ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டியாச்சு. கடைசியில் என்ஜினையே பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க. அதுக்குப் பணம் இல்லாமல் அண்ணாச்சி காரை எடைக்குப் போட இருந்தாங்க. அந்த ஒரு வண்டியில்தான் வீட்டுச் சோறு.

மாமா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து சி.பி. பாயிண்டைப் பார்த்தாங்க. இடைவெளி கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. அங்கே இருக்க வேண்டியது 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாப் பிரித்ததில் 15 பங்கு. பாயிண்டின் குதிகால் கேம் மேல் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். யாரும் தொடாமலே டைமிங் கெட்டுப்போவது இப்படித்தான்.

அதனால் முதலில் பாயிண்ட் இடைவெளி, அதுக்கு அப்புறம் டைமிங், கார்புரேட்டர் கடைசி. வரிசை மாறினால் செய்த வேலையைத் திரும்பச் செய்யணும். ஏன்னா டைமிங் மாறியதும் என்ஜின் வேகமும் மாறும், கார்புரேட்டரில் வைத்த அளவு வீணாகும். டைமிங் பார்க்க மாமா ஒரு 12 வோல்ட் பல்பு வைத்திருக்காங்க. முதல் சிலிண்டர் அமுக்கத்துக்கு வரும்போது புல்லியில் உள்ள குறியைச் சரியான டிகிரியில் நிறுத்தணும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவில் பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பணும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிடணும். அண்ணாச்சி கார் அன்றைக்குச் சாயங்காலமே ஊர் திரும்பிடுச்சு.

இதில் ஏமாற்றும் பாகம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் பக்கத்தில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். அதன் முனையில் ஒரு சவ்வு இருக்கும். சவ்வு கிழிந்தால் டைமிங்கும் முந்தாது, கூடுதல் காற்று புகுந்து கலவையும் கெடும். மாமா குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பாங்க. பிடித்து நின்றால் சவ்வு நல்லது.

இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் குழப்பம் இரட்டிப்பு. அம்பாசடரில் இருந்த அதே வகை 1489 சி.சி. என்ஜினை, இங்கிலாந்தில் 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரோடு வைத்தாங்க. முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டருக்கு, பின்னது 3, 4-க்கு. அங்கே குற்றவாளியைக் கண்டுபிடிக்க நாலு பிளக்கையும் கழற்றி வரிசையா வைக்கணும். ஒரு பிளக் மட்டும் கரி பிடித்திருந்தால் அந்தப் பிளக் அல்லது அதன் வயர். பக்கத்துப் பக்கத்து இரண்டு கறுத்து, மற்ற இரண்டும் நல்ல காபிப்பொடி நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒரு கார்புரேட்டர். நாலும் ஒரே நிறமா இருந்தும் வண்டி இழுக்கலைன்னா டைமிங்கைப் பார்க்கணும். கார்புரேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கெடுவது அபூர்வம் இல்லையா?

நம்ம நாட்டில் 1983-ல் வந்த ராஜ்தூத் 350 பைக்குக்கும் இரண்டு கார்புரேட்டர். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட் என்பதால் டைமிங்கையும் இரண்டு தடவை வைக்கணும். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் காற்று இழுக்கும் இரைச்சல் ஒண்ணா இருக்கான்னு கேட்கணும். மாமாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அந்த வேலை மட்டும் எனக்கு.

- 9-ஆம் வகுப்பு மாணவி